தாழ் போடாத கதவு

பாதியில் நின்ற பேய்க்கதையைப் போல ஒரு தொல்லை கிடையாது. முடிந்த கதை என்றால் புத்தகத்தை மூடிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளலாம். பாதிக் கதையில் பேய் எங்கே நிற்கிறதோ அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

இந்தப் பேய் கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு வார இதழில் வந்த தொடர். பழைய வீட்டு மாடிப்படியில் ஒரு பெண் வாரத்துக்கு ஒரு படி இறங்கி வருவாள். முகத்தைக் கூந்தல் மூடியிருக்கும். அவ்வளவுதான் கதை, ஆனால் ஊரே காத்திருந்து படித்தது. நானும் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். ஒரே ஒரு படி மிச்சம் இருந்தபோது எழுத்தாளர் காணாமல் போனார். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. போலீஸும் தேடி ஓய்ந்தது.

போன மாதம் அதே இதழில், அதே பெயரில், அடுத்த அத்தியாயம் வெளிவந்துவிட்டது.

அதனால்தான் எழுத்தாளரின் மகள் அன்று காலையில் எங்கள் துப்பறியும் ஆபீஸில் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவள். பேச்சுக்கு நடுவே மேடத்தின் கண்ணாடியைக் கழற்றி, காம்பை நிமிர்த்தி, திரும்ப மாட்டிவிட்டாள். மேடம் முகத்தை நீட்டிக் கொடுத்தார். நான் அதைச் செய்திருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும்.

மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில், செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், ஆண்பிள்ளைக் குடை ஒன்றை ஊன்றிக்கொண்டு நடப்பார். ஒட்டடைக்குச்சி என்பதைச் சுருக்கி என்னை ஒட்டடை என்று கூப்பிடுவார். உயரமும் ஒல்லியும் என் குற்றமல்ல.

மகள் சொன்னதன் சுருக்கம் இது. அப்பா காணாமல் போனபோது அவள் ஹாஸ்டலில் இருந்தாள். கதையில் வரும் மாடிப்படி அவர்கள் வீட்டுப் படிதான். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அப்பா முதலில் அம்மாவுக்குத்தான் படித்துக் காட்டுவார், அம்மா முகம் சுளித்த இடத்தை மாற்றி எழுதுவார். அவர் போனபிறகு அம்மா ஒவ்வொன்றாக வீட்டை மாற்றினார். ஊஞ்சலைக் கழற்றினார், மாடியறையைப் பூட்டினார், எலி வருகிறதென்று படிக்கு அடியில் இருந்த சாமான் அறையை அடைத்தார், பச்சையாக இருந்த சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்.

எங்கள் வீட்டில் எலிக்கு அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள்தான் வெளியே படுப்போம் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பழைய வீட்டை விற்று, அம்மாவைத் தன் கடை மாடிக்குக் கூட்டிவர மகள் ஏற்பாடு செய்திருந்தாள். வாங்குபவர் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதாக இருந்தது. அத்தியாயம் வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். அப்பா உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் எப்படி இடிப்பது? அம்மாவோ அன்றிலிருந்து வாசல் கதவைத் தாழ் போடுவதே இல்லை. இரவு முழுக்கக் கதவு சும்மா சாத்திக் கிடக்கிறது. உள்ளே ஒரு வயதான பெண் தனியாகப் படுத்திருக்கிறாள்.

"அப்பா அன்னைக்குக் கண்ணாடியைக்கூட வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாருங்க. அது இன்னமும் என் கடை மேஜையில இருக்கு, தினமும் துடைச்சு வெக்கிறேன். அவர் இருக்காரா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க. எங்கம்மா கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கணும்."

அவள் அழாமல் இதைச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

*

இதழின் ஆபீஸ் அச்சகத்துக்கு மேலே இருந்தது. படிகளைப் பார்த்ததும் மேடம் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், கொத்தனார்கள் எல்லோரையும் ஒரே வார்த்தையில் திட்டிவிட்டு ஏறினார்.

ஆசிரியர் ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த வாரப் படங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சிந்திய மை, அழிக்காத பென்சில் கோடு, விரல் ரேகை எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூரிகையால் வெள்ளை தடவினார். கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலையாம். ஆனாலும் படத்தில் மைக்கறை கண்ணில் பட்டால் தன் கை சும்மா இருக்காது என்றார். பேச்சு ஒரு பக்கம் போனது, தூரிகை ஒரு பக்கம் போனது.

அத்தியாயம் தபாலில் வந்ததாம், கம்ப்யூட்டரில் அடித்தது. உறை குப்பைக்குப் போய்விட்டது. ஒரு வரி படித்ததுமே எழுத்தாளரின் குரல் காதில் கேட்டதாம். அவர் காணாமல் போன அன்று மாலை, இதே மேஜையில் உட்கார்ந்து அத்தியாயத்தை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அச்சகம் காத்திருந்தது. அவர் வரவேயில்லை. படமும் வரவில்லை.

"இப்ப விற்பனை எப்படி?" என்று கேட்டேன்.

"ரெண்டு மடங்கு," என்றார், அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அந்தத் திருப்பம் அப்படி. இத்தனை வாரம் கீழ இறங்கிட்டே இருந்தவ, ஒரு படி பாக்கி இருக்கும்போது திரும்பி மேல ஏறிட்டா. மொட்டைமாடிக்கு. யார் எதிர்பார்த்தா?"

நான் மேடத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். இதழ் மூழ்கிக்கொண்டிருந்தது, இப்போது மிதக்கிறது. சந்தேகப்பட இதைவிட வேறென்ன வேண்டும்? மேடம் என் கண்ணைக் கவனிக்காமல், புது அத்தியாயத்துக்குப் படம் யார் போட்டது என்று கேட்டார்.

வேறு ஆள் என்றார் ஆசிரியர். தொடர் முழுவதற்கும் படம் போட்ட பழைய ஓவியரிடம்தான் முதலில் அனுப்பினார்கள். அவர் படித்துவிட்டு ஆபீஸுக்கே வந்து, இதற்குத் தான் வரைய முடியாது என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. அவரைப் பார்க்கவேண்டும் என்று மேடம் எழுந்தார்.

*

ஓவியர் இப்போது பாடப் புத்தகங்களுக்குத் தவளையின் வயிற்றை வரைந்து பிழைக்கிறார். சுவரெல்லாம் தவளைகள். மேஜையில் அந்த இதழ் குப்புறக் கிடந்தது, அதன் மேல் ஒரு இஸ்திரிப் பெட்டி. அது எழுந்துவிடும் என்று பயந்து வைத்த மாதிரி இருந்தது.

முதலில் அவர் பேச மறுத்தார். மேடம் அவசரப்படவில்லை. தவளைக்கு எத்தனை பல் என்று என்னென்னவோ கேட்டு, பத்து நிமிடத்தில் அவரைப் பேச வைத்துவிட்டார்.

"உங்களுக்கு எங்க வேலை தெரியாது. கதை வந்தப்புறம் படம் போடறோம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அவர் எப்பவும் கடைசி நிமிஷத்துலதான் எழுதுவாரு. அதனால போன்ல காட்சியை மட்டும் சொல்வாரு, நான் வரைஞ்சு வெச்சிருவேன். இன்ன இடம், இன்ன ஆளு, அவ்வளவுதான். மிச்சத்தை நானா நிரப்பணும்."

எழுத்தாளர் அந்தப் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாராம். தொடர் முடியும்வரை பார்க்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். பேயின் உருவம் கண்ணில் பதிந்துவிட்டால் பயம் போய்விடும், பயம் போனால் எழுத வராது என்பார். காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தால் அப்படியே ஆபீஸில் சேர்த்துவிடுவார்.

காணாமல் போன அன்றும் காலையில் இங்கே வந்திருக்கிறார். படிக்கு அடியில் அந்தப் பெண், கையில் விளக்கு, இந்தத் தடவை முகம் தெரியவேண்டும் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். முகத்துக்காக ஒரு பழைய புகைப்படமும் கொடுத்தனுப்பியிருந்தார். யாரோ ஒரு இளம்பெண், யாரென்று சொல்லவில்லை. ஓவியர் வரைந்து முடித்துச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். நேராக ஆபீஸுக்கு என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

"அப்ப எதுக்குப் பயப்படறீங்க?" என்றேன்.

ஓவியர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார், இதழைத் தொடவில்லை. "அதுல ஒரு கிளிக்கூண்டு வருதா?"

பெட்டியை நகர்த்திவிட்டு நானே படித்தேன். வந்தது. 'மூலையில் ஒரு கிளிக்கூண்டு. அதன் கதவு திறந்திருந்தது.'

"அவர் கூண்டு கேக்கலைங்க. அன்னைக்கு விடிகாலையில என் தங்கச்சி வளர்த்த கிளி பறந்துபோச்சு. அவ அழுதுட்டு இருந்தா. படத்துல ஒரு மூலை காலியா இருந்துச்சு, வரைஞ்சுட்டேன். நான் மட்டும் பார்த்தது. கட்டிக் குடுத்தேன், அவரோட போச்சு. உயிரோட இருந்தவரைக்கும் அவர் எந்தப் படத்தையும் பிரிச்சுப் பார்த்ததில்லை." குரல் இறங்கியது. "செத்தப்புறம் பிரிச்சிருக்காரு."

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த தவளைகளெல்லாம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் மேடத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

மேடம் அந்தப் படத்தை நினைவிலிருந்து திரும்ப வரைந்து தரச் சொன்னார். அந்த மனுஷனின் கையை மெச்ச வேண்டும். பேசிக்கொண்டே படி வந்தது, படிக்கு அடியில் குறுகலான இடம் வந்தது, பெண்ணும் விளக்கும் கூண்டும் வந்தன. முகம் மட்டும் நிதானமாக வந்தது. நல்ல முகம், பயப்படுத்தவே இல்லை. கடைசியில் பழக்கம்போலத் தூரிகையை உதறப் போனவர் நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு உதறியபோது பின்சுவர்மேல் பெரிய பொட்டாக மை சிந்தி நீளமாக வழிந்துவிட்டதாம்.

மேடத்தின் குடை தரையில் ஒருமுறை தட்டியது. "ஒட்டடை, நிழல் வருதே, அதைப் படி."

படித்தேன். 'சுவரில் நீளமாக ஒரு நிழல். அந்த நிழலுக்கு ஆள் இல்லை.' போன மாதம் வாசகர்களைத் தூங்கவிடாமல் செய்த வரி அது.

"நிழல் இல்லைங்க, மை," என்றார் ஓவியர். "சுவர்ல மை கொட்டிருச்சு, ஆபீஸ்ல வெள்ளை அடிச்சுக்கச் சொல்லுங்கன்னு அவர்கிட்ட ரெண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினேன்."

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்று எழுத்தாளர் கண்ணாடி போட்டிருந்தாரா? இல்லை என்றார் ஓவியர். மறந்துவிட்டு வந்ததாகச் சொல்லி, கதவு நிலையில் இடித்துக்கொண்டு சிரித்தாராம்.

*

வாடகைக் காரில் ஏறியதும், ஆசிரியர்தான் என்று என் தீர்ப்பைச் சொன்னேன். படம் அவர் கைக்கு வந்திருக்கிறது, மறைத்திருக்கிறார், எழுத்தாளரையும் மறைத்திருக்கிறார். மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சிந்தின மையைப் பார்த்தா அவர் என்ன செய்வார்?"

எனக்குத் தூரிகை நினைவுக்கு வந்தது. வெள்ளை தடவியிருப்பார்.

மையை மை என்று தெரியாதவர்தான் அதை நிழல் என்று எழுதமுடியும் என்றார் மேடம். ஓவியருக்குத் தெரியும், அவர் சிந்தியது. எழுத்தாளருக்குத் தெரியும், அவரிடம் சொல்லி அனுப்பியது. ஆகவே அவர் எழுதவில்லை, உயிரோடும் எழுதவில்லை, செத்தும் எழுதவில்லை. ஆசிரியர் நாள் முழுக்கச் செய்கிற வேலையே மைக்கறைக்கு வெள்ளை தடவுவதுதான். அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் ஏமாறமாட்டார்கள். படத்தில் இருப்பதெல்லாம் கதையில் இருப்பது என்று நம்புகிற ஒரு ஆள்தான் கூண்டையும் விடாமல், மையையும் விடாமல் பயபக்தியோடு எழுதிவைத்திருக்கிறார். அதாவது, ஒரு வாசகர்.

"அந்தப் படம் எந்த வாசகர் கைக்கும் போகலையே, மேடம்."

"சாயங்காலம் ஆபீஸ்ல உட்கார்ந்து எழுத வேண்டியவர். கண்ணாடி இல்லாம எப்படி எழுதுவார்? எங்க போயிருப்பார்?"

கண்ணாடி இருந்தது வீட்டில். வீட்டில் இருந்தவர், கணவர் காலையில் போனவர் திரும்பவே இல்லை என்று போலீஸிடம் சொன்னவர், ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதல் ஆளாகக் காதால் கேட்டவர்.

"படத்துல இருந்த எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்க," என்றார் மேடம். "ஒண்ணை மட்டும் மாத்திட்டாங்க. படிக்கு அடியில இருந்தவளை மொட்டைமாடிக்கு அனுப்பிட்டாங்க. படிக்கு அடியில யாரும் பார்க்க வேண்டாம்னு நினைக்கிறவங்க யாரு? மகளுக்கு வர்றியான்னு போன் பண்ணு. வேண்டாம்னு நான் சொன்னாலும் அவ வருவா."

*

கதவு சும்மா சாத்தியிருந்தது, தள்ளியதும் திறந்தது. மகள் எங்களுக்கு முன்பே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக உள்ளே போனவன் நான். பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தித் தாழையும் போட்டேன்.

வெள்ளைச் சுவர்கள், ஊஞ்சல் கழற்றிய கொக்கிகள், இருட்டில் மேலே போகும் படி. மேடம் நாற்காலியை வேண்டாம் என்றுவிட்டு முதல் படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய தோளுக்குப் பக்கத்தில் செங்கல் வைத்து அடைத்த அந்தச் சுவர், மற்றச் சுவர்களைவிடக் கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தது.

அவர் எதுவும் குற்றம் சாட்டவில்லை. ஓவியர் வரைந்த படத்தைப் பிரித்து அந்த அம்மாவின் மடியில் வைத்தார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். கூண்டையோ விளக்கையோ அவர் பார்க்கவில்லை.

"மூக்கு அப்படியே இருக்கு," என்றார். "என் தங்கச்சி."

பிறகு அவரே சொன்னார், எங்கோ தூரத்தில் நடந்ததைச் சொல்வதுபோல. கல்யாணமான புதிதில் தங்கையும் இந்த வீட்டில்தான் இருந்தாள். நோய் வந்து மாடியறையில் படுத்தவள், கொஞ்சம் தேறியதும் திரும்ப நடக்கப் பழகினாள். ஒரு நாளைக்கு ஒரு படி இறங்கி, உட்கார்ந்து, சிரித்துவிட்டு, தூக்கிக்கொண்டு போகச் சொல்வாள். கடைசிப் படிக்கு வருவதற்குள் போய்விட்டாள். அதைத்தான் கணவர் பேயாக்கி எழுதினார். படித்துக் காட்டும்போது முதல் வாரமே இவருக்குப் புரிந்துவிட்டது. கெஞ்சிக் கேட்டதற்கு, முகத்தை மட்டும் காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்று மத்தியானம் கண்ணாடியை எடுக்க மாடிக்கு ஏறியவர் சுற்றிக் கட்டிய படத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார். என்றைக்கும் இல்லாத வழக்கமாக இவர் நூலை அவிழ்த்துப் பார்த்தார்.

"மேல போய்க் கேட்டேன். ஜனங்க முகத்தைப் பார்க்க ஆசைப்படறாங்கன்னு சிரிச்சாரு. படியில நின்னு சிரிச்சாரு. ஒரு தள்ளு, அவ்வளவுதான்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை. அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும் இவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் உயிரோடு இருப்பதாக எல்லோரும் நம்பினால் வீடு நிற்கும். அதற்காக ஒளித்துவைத்த படத்தை எடுத்துப் பார்த்துப் பார்த்து, காதில் இருந்த அவர் நடையிலேயே கதையைத் தொடர்ந்து, ஒரு கடையில் அடித்து வாங்கித் தபாலில் போட்டார்.

"அதனாலதான் படிக்கு அடியில வராம மாடிக்கு மாத்தினீங்க," என்றார் மேடம்.

அந்த அம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "அதுக்கில்லைங்க. அவ இத்தனை வருஷமா அந்தப் படியிலயே நிக்கிறா. கீழ கொண்டுவந்து அவர் பக்கத்துல விட எனக்கு மனசு வரல. மேல அனுப்பிட்டேன். அங்க காத்து வரும்."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தப்புக் கணக்குப் போட்டு நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். பிறகு போனை எடுத்துப் போலீஸுக்குச் சொல்லி, விலாசத்தைக் கொடுத்தார்.

அப்போதுதான் மகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அப்பா வர மாட்டாருன்னு உனக்குத் தெரியும். அப்புறம் ஏம்மா கதவைத் தாழ் போடாம வெச்சே? யார் வருவாங்கன்னு?"

"வர்றதுக்கு இல்ல கண்ணு." அந்த அம்மா செங்கல் சுவரைப் பார்த்தார். "இத்தனை வருஷம் சும்மாதான் கிடந்தாரு. நான் கதையைத் தொட்டதும் எழுந்துட்டாரு. ராத்திரி முழுக்கச் சுவரைச் சுரண்டறாரு. அவர் வெளிய போகணும்ல. அதுக்குத்தான்."

மேடத்தின் தோளுக்குப் பக்கத்தில், சுவருக்குப் பின்னால் ஏதோ லேசாகச் சுரண்டியது. எலிதான். இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அப்போது எழுந்து போய்த் தாழை எடுத்துவிட்டேன்.